சிலப்பதிகாரத்தில் சான்றின் ஏற்புடைமை: கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும்

வழக்குரை காதை பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் பாண்டியனின் உயிர்துறப்பையே அறத்தின் வெற்றியாகக் கொள்கின்றன. எத்தகைய சான்று ஏற்கத்தக்கது என்னும் வினா அவ்வியப்பில் மறைந்துவிடுகிறது. இக்காதையைக் கொலைக்களக் காதையோடு இணைத்து நோக்கின், இளங்கோவடிகள் இருவகைச் சான்றுகளை எதிரெதிராக நிறுத்தியிருப்பது புலனாகும்.

கொலைக்களக் காதையில் மன்னன் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: சிலம்பு கள்வன் கையில் இருத்தல் வேண்டும். கோவலனைக் கண்ட ஊர்காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். அவர்களது ஐயமும் தோற்றத்தை மட்டுமே சார்ந்தது. அதனை மறுக்கும் பொற்கொல்லன், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் கள்வரின் துணைகளாக அடுக்குகிறான். வேறொரு கள்வனின் கதையையும் கூறுகிறான். காவலருள் ஒருவனும் தான் கண்ட மற்றொரு கள்வனையே நினைவுகூர்கிறான். இவற்றுள் ஒன்றும் கோவலனைப் பற்றியதன்று. அவன் கையிலிருந்த சிலம்பைப் பற்றியதுமன்று. கூறுபவனோ உண்மைக் கள்வன்.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 54ஆம் பிரிவில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் நன்னடத்தைக்குச் சான்று முன்வைத்தாலன்றி அவரது முந்தைய தீயொழுக்கம் தொடர்புடையதாகாது என்றது. அவரது ஒழுக்கமே விலக்கப்படுமாயின், பிற கள்வரின் வரலாறு அதனினும் விலக்கத்தக்கது. களவுப்பொருளைக் களவு நிகழ்ந்த சிறிது காலத்துள் வைத்திருப்பவரைக் கள்வர் என அனுமானிக்க 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு இடமளித்தது; ஆயின் அப்பொருள் தம்மிடம் வந்த வகையை அவர் விளக்க இயலாதபோதே அவ்வனுமானம் நிற்கும். கோவலனிடம் அவ்விளக்கம் கேட்கப்படவே இல்லை.

வழக்குரை காதையின் முறை முற்றிலும் வேறு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ணகி கூற, தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என மன்னன் கூறுகிறான். பொருள் திறக்கப்படும் முன்னரே இருதரப்புக் கூற்றுகளும் பதிவாகிவிடுகின்றன. பின்னர் கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பு அவையில் வைக்கப்பட்டு, அனைவர் முன்னும் உடைக்கப்படுகிறது. இங்குச் சான்று கள்வரைப் பற்றியதன்று; வழக்கிற்குரிய பொருளையே பற்றியது.

பிற்காலச் சட்ட அளவுகோலால் பழங்காப்பியத்தை மதிப்பிடலாமா என்னும் மறுப்பு எழலாம். அளவுகோல் காப்பியத்திற்குள்ளேயே உள்ளது. தேர்ந்து நோக்காதவன் என்னும் குறை கொலைக்களக் காதையில் கவிக்கூற்றாகவும், வழக்குரை காதையில் கண்ணகியின் விளியாகவும் அமைகிறது. மன்னனும் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையே தன் பிழையாக உரைக்கிறான். ஏற்கத்தகாத சொல்லைச் சான்றாக ஏற்றதே அவன் ஒப்புக்கொள்ளும் குற்றம். அவையில் நொடிப்பொழுதில் முடிந்த அச்சோதனை கொலைக்கு முன்னரே இயன்றிருக்கும். ஆதலின் மன்னனின் இறப்பு அவனது நேர்மையைக் காட்டுமேயன்றி, தவறிய விசாரணையை ஈடுசெய்யாது.