மகன் எழுதிய வரலாறும் நாம் எழுதாத வரலாறும்

திருகோணமலைக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஏழாம் தரத்துப் பொடியன் ஒருவன், "சேர், இதைக் கட்டினவன்ட கதையை ஆரு எழுதின?" என்று கேட்டான். "அவன்ட மகன்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை.

1624இல் இங்கே கோட்டை எழுப்பியவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. கோணேசர் கோயிலை இடித்த கற்களே சுவர்களாயின. 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை வந்தது. கிழக்குத் துறைமுகங்களை அடைத்துவிட்டால் கண்டி மன்னனுக்கு மூச்சு முட்டும் என்பது அவர் போட்ட கணக்கு. 1630 ஓகஸ்டில், ஊவாவின் ரந்தெனிவெலையில், அது பிழைத்துப் போனது. கூட வந்த லஸ்கரின் வீரர்கள் தங்கள் முதலிமாரோடு எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள், தளபதி மாண்டார். 1639இல் திருகோணமலைக் கோட்டையும் ஒல்லாந்தர் கையில் விழுந்தது.

இந்தத் தளபதியின் கதையை மகன் ஸ்பானிய மொழியில் எழுதி, 1681இல் லிஸ்பனில் வெளியிட்டார். பெயர் 'இலங்கைக் கிளர்ச்சி'. நூலின் பெயரிலேயே எனக்குச் சிக்கல் இருக்கிறது. சம்பளம் வாங்கிய முதலிமார் மாறியதைக் கிளர்ச்சி என்றால் சரி, ஒருவாறு ஒப்பலாம். தன் மண்ணில் இருந்த செனரத் மன்னன் யாருக்கு எதிராகக் கிளர்ந்தான்?

வாப்பாவைப் பற்றி மகன் எழுதினால் பாசம் வரும், அதில் குற்றமில்லை. ஆனால் வீழ்ச்சிக்குத் துரோகம் ஒன்றே காரணம் என்று வாசித்து முடித்தால் நாம் ஏமாந்து போவோம். 1626ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர் ஆண்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டது இதே தளபதியின் காலத்தில்தான். துரத்தப்பட்டவர்களைச் செனரத் ஏற்றார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தளபதி தன் எல்லையிலிருந்து வெளியே தள்ளிய வணிகரையும் உழவரையும் எதிரி சேர்த்துக்கொண்டான். கோயிலை இடித்து ஒரு சனத்தையும், ஊரைவிட்டுத் துரத்தி இன்னொரு சனத்தையும் பகைத்தவருக்கு, கடைசியில் சொந்தப் படையே மிஞ்சவில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதை எழுதும்போது நம்மையும் ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். நம்மட மேடைகளில் 1626ஐச் சொல்லும் விதம் எப்படி? "அப்பதான் நாங்க கிழக்குக்கு வந்த" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறோம். செனரத்துக்கு நன்றி சொல்வது நமது கடமை. ஆனால் அந்த வசனம், அதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்களையெல்லாம் அழித்துவிடுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் நிக்கல்சன் குடாவில் அரபு எழுத்துள்ள மீசான் கல் கிடைத்திருக்கிறது. ஹலப் நகர வழிவந்த ஒரு தலைவரின் மகளுடையது அது. வந்து போன வியாபாரிக்குக் கப்பல் போதும். மகளை அடக்கிய குடும்பத்துக்கு இந்தத் துறைமுகத்தில் வீடு இருந்திருக்க வேண்டும்.

தோற்ற தளபதிக்கு ஒரு மகன் இருந்தான், புத்தகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கல் மட்டும்தான். கிண்ணியாவிலும் மூதூரிலும் பழைய மையவாடிகளில் சாய்ந்து கிடக்கும் மீசான்களை யாராவது வாசித்துப் பதிந்திருக்கிறோமா? நம்மட பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்தே அதைத் தொடங்கலாம். கொப்பியும் பென்சிலும் போதும்.