மீன் சந்தைத் திடலுக்கு வந்துசேரும் முன்

லைபீரியப் பெண்கள் 2003இல் நடத்திய போர் எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை முதுகலை வகுப்பில் திரையிட்டேன். ‘பிரே தி டெவில் பேக் டு ஹெல்’, 2008இல் வந்த படம், ஜினி ரெட்டிக்கர் இயக்கியது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். “புருஷங்களைப் பக்கத்துல விடமாட்டோம்னு சொன்னாங்களே, அதனாலதான் சண்டை நின்னுச்சாம்மா?” வகுப்பு சிரித்தது. கேட்ட பெண்ணும் சிரித்தாள்.

படத்தில் அது மிகச் சிறிய பகுதி. ஆனால் உலகப் பத்திரிகைகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டன. கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸின் ‘லைசிஸ்ட்ராட்டா’ வைத்துப்போன அச்சு ஒன்று தயாராக இருந்தது. அதில் லைபீரியப் பெண்களை ஊற்றிவிட்டார்கள். போராட்டத்தின் முன்னணியில் நின்ற லேமா குபோவியோ, 2011இல் வெளியான தன் நினைவுக் குறிப்பான ‘மைட்டி பி அவர் பவர்ஸ்’ நூலில், அந்த மறுப்பால் நடைமுறையில் பெரிய பலன் ஒன்றும் இல்லை, பத்திரிகைக்காரர்களின் கவனம் கிடைத்ததுதான் மிச்சம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அவரே சொல்லியும் கதை மாறவில்லை. போரை நிறுத்தக் கிளம்பிய ஒரு பெண்ணிடம் இருப்பது அவள் உடம்பு மட்டுமே என்று நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அவளிடம் திட்டம் இருந்தது, கிழமைவாரியாக வேலைப் பிரிவு இருந்தது, யாரிடம் யார் பேசுவது என்ற கணக்கு இருந்தது என்றெல்லாம் சொன்னால் கதை சுவாரஸ்யம் குறைந்துபோகிறது.

எனக்கு அந்தக் கணக்குதான் சுவாரஸ்யம்.

லைபீரியாவின் உள்நாட்டுப் போர் 1989இல் தொடங்கியது. நடுவே 1997இல் தேர்தல் நடந்து, போரைத் தொடங்கிய சார்லஸ் டெய்லரே அதிபரானார். 1999இல் மீண்டும் சண்டை மூண்டது. மன்ரோவியா நகரத்துப் பெண்களுக்கு மதம் வெறும் வழிபாட்டு விஷயமாக இருக்கவில்லை. டெய்லரை எதிர்த்த ‘லர்ட்’ படையில் மண்டிங்கோ முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணைப் பார்க்கும்போது ‘இவளுடைய தம்பி எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி எழாமல் இருக்காது. 1990 ஜூலையில் செயின்ட் பீட்டர் லுத்தரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேரை அரசுப் படையினர் கொன்றார்கள். 2002இல் குபோவி தன் கிறித்தவத் தோழிகளை அழைத்துப் பிரார்த்தனையும் கூட்டமும் தொடங்கிய இடம் அதே தேவாலயம்தான். நினைவே சுவராக எழும்பி நிற்கும் கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கூட்டத்தில் முஸ்லிமாக இருந்தவர் அசாத்து பா கென்னத். காவல்துறை அதிகாரி. கிறித்தவப் பெண்கள் கூடியதைப் போலத் தானும் முஸ்லிம் பெண்களைத் திரட்டுவேன் என்று எழுந்து சொன்னவர். இரண்டு அணிகளும் சேர வேண்டும் என்றபோது சிக்கல் வந்தது. முஸ்லிம்களோடு அமர்ந்து ஜெபித்தால் நம் விசுவாசம் என்னாவது என்று சில கிறித்தவப் பெண்கள் கேட்டார்கள். குண்டுக்கு மதம் தெரியுமா என்ற எதிர்க்கேள்வி அங்கேதான் பிறந்தது. படம் இந்தக் கேள்வியோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல நகர்ந்துவிடுகிறது. ஒரு நல்ல வாக்கியத்தால் தீரும் பகையா அது?

தீர்த்தது வேறு வேலை. அக்ராவில் 2001இல் தொடங்கப்பட்ட ‘விப்நெட்’ என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அமைதி வலைப்பின்னலில் பயன்படுத்திய பயிற்சிகள் சில உண்டு. நைஜீரியரான தெல்மா எக்கியோர் அவற்றை வடிவமைத்தார். அவற்றில் ஒன்றில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, போரில் தனக்கு நேர்ந்ததை ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும். பாரத்தை இறக்கிவைப்பது என்று அதற்குப் பெயர். அவரவர் பட்டத்தையும் பதவியையும் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்ட ஒரு பயிற்சியையும் குபோவி எழுதுகிறார். வழக்கறிஞர், தளபதியின் மனைவி எல்லாம் பெட்டிக்குள் போய்விட, வெளியே மிஞ்சுவது தாய், சகோதரி என்ற அடையாளம்தான். இந்தப் பெட்டிக்குப் பிறகு வருகிறேன்.

அப்புறம் ஆறு மாதம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்து வெளியே வருவோருக்காகப் பள்ளிவாசல் வாசலில். சனிக்கிழமை சந்தையில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில். கையில் துண்டறிக்கை. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே படமாக வரைந்து கொடுத்தார்கள். எந்த நாளில் எந்தப் பெண் எங்கே இருப்பாள் என்று ஊரின் ஒரு வாரத்தை அறிந்தவர்களால்தான் இப்படி ஓர் அட்டவணையைப் போட முடியும். அரசியல் கட்சிக்காரர்கள் கூட்டத்தைத் தங்களிடம் வரச் சொல்வார்கள். இவர்கள் கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்துக்குப் போனார்கள். படத்தில் இது சில நிமிடங்களில் கடந்துபோகிறது. படம் எடுப்பதற்கு இதில் காட்சி இல்லை என்பது உண்மைதான். வாசலில் நின்று காகிதம் கொடுப்பதை எவ்வளவு நேரம் காட்ட முடியும்?

2003 ஏப்ரலில் அவர்கள் மீன் சந்தைத் திடலில் வந்து உட்கார்ந்தார்கள். இடத்தேர்வில் ஒரு கூர்மை இருக்கிறது. டெய்லரின் வாகன அணி தினமும் போய்வரும் டப்மன் சாலையின் ஓரம் அது. மனு கொடுத்து, அனுமதி கேட்டு அவரைப் பார்க்கப் போகவில்லை. அவர் அவர்களைப் பார்க்காமல் போக முடியாத இடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துணி, நகை இல்லை, பூச்சு இல்லை. அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் வந்தவளும் பணக்கார வீட்டுப் பெண்ணும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. (நமக்கு வெள்ளை வேறொன்றைச் சொல்லும். என் வகுப்பிலும் ஒருத்தி கேட்டாள், இவர்கள் எல்லோரும் கணவனை இழந்தவர்களா என்று.) ஏப்ரல் 23ஆம் தேதி டெய்லர் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். கோரிக்கை சுருக்கமானது: உடனே சண்டை நிறுத்தம், பேச்சுவார்த்தை, தலையிட்டுக் காக்க வெளிநாட்டு அமைதிப்படை. கிளர்ச்சிப் படைத் தலைவர்களைப் பேச்சுக்கு இழுக்க சியரா லியோனுக்கு ஒரு குழு போனது. ஜூன் 4இல் கானாவில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, அங்கே புதுபுரம் முகாமிலிருந்த லைபீரிய அகதிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மன்ரோவியாவிலிருந்து எல்லோரையும் கூட்டிப்போகக் காசு ஏது?

பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. தலைவர்கள் நட்சத்திர விடுதியில் தங்கிப் பதவிகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மன்ரோவியாவில் எறிகுண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஜூலை 21 அன்று பெண்கள் மண்டபத்தின் கதவை மறித்துக் கைகோத்து உட்கார்ந்தார்கள். கைது செய்யக் காவலர்கள் வந்தபோது குபோவி தன் உடைகளைக் களையத் தொடங்கினார். தாய்மைப் பருவத்தைக் கடந்த பெண், திருமணமான பெண் தானாக ஆடை களைந்தால் பார்ப்பவனுக்குச் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் உள்ள நம்பிக்கை. மறு வருடம், 2004 ஜூலை 15 அன்று, தங்ஜம் மனோரமாவின் கொலையைக் கண்டித்து இம்பாலில் காங்ளா கோட்டை வாசலில் மணிப்பூர்த் தாய்மார்கள் நின்றதை நினைக்காமல் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. மத்தியஸ்தரான அப்துல்சலாமி அபூபக்கர் இறங்கிவந்து பேசினார். ஆகஸ்ட் 11இல் டெய்லர் நாட்டைவிட்டுப் போனார். 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

படம் இதை வெற்றியாகச் சொல்கிறது. வெற்றிதான். ஆனால் அந்தப் பெட்டியை இப்போது திறந்து பார்க்க வேண்டும்.

தாய் என்ற அடையாளம் பூட்டியிருந்த பல கதவுகளைத் திறந்தது. சட்டையில் கட்சிச் சின்னம் இல்லாததால் டெய்லரால் அவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று சொல்லிச் சுட முடியவில்லை. ஆனால் தாய் ‘போரை நிறுத்து’ என்று மட்டும்தான் கேட்க முடியும். யார் கொன்றது, யார் பாலியல் வன்முறை செய்தது, அவர்களை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் அவள் கட்சி கட்டிவிட்டாள் என்று ஆகிவிடும். அக்ரா ஒப்பந்தத்தில் அமைச்சகங்களில் பெரும்பாலானவற்றைச் சண்டையிட்ட தரப்புகளே பகிர்ந்துகொண்டன. டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது, சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. லைபீரியப் பெண்களுக்கு நேர்ந்தவற்றுக்காக அல்ல. நடுநிலை அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. கணக்குக் கேட்கும் நேரம் வந்தபோது அதே கேடயம் கையைக் கட்டிவிட்டது. இதை அவர்களுடைய தவறு என்று நான் சொல்லவில்லை. குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து யாரும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கேட்க முடியாது.

தமிழ் படித்தவளுக்கு இந்தத் தாயை நம்புவதில் இன்னொரு தயக்கமும் உண்டு. போருக்கு எதிரான தாயை நம் இலக்கியத்தில் தேடினால் முதலில் கிடைப்பவள் போருக்கு அனுப்புகிற தாய். புறநானூற்றில் 278, 279, 312 ஆகிய மூன்று பாடல்களையும் எல்லாத் தமிழ் மாணவர்களும் படித்திருப்பார்கள். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டுச் சினந்த தாய், ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாய், வீரனைப் பெற்றுத் தருவதைத் தன் கடனாகக் கொண்ட தாய். மூன்றையும் பாடியவர்கள் பெண்கள்: காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார், பொன்முடியார். பின்னிரண்டுக்கும் துறை மூதின் முல்லை. இருபது வருடமாக இவற்றை நடத்துகிறேன். ‘தாய்’ என்ற சொல்லுக்குள் இயல்பாகவே அமைதி இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தச் சொல்லை யார் கையில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு அது வேலை செய்கிறது.

இலங்கையில் இது இரண்டு முறை நடந்தது. யாழ்ப்பாணத்தில் இளைஞர்களைப் படையினர் கூட்டம்கூட்டமாகப் பிடித்துச் சென்றபோது, 1984இல் அன்னையர் முன்னணி உருவானது. பிள்ளைகளை விடுவிக்கக் கோரிப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அரசை நோக்கிப் பேசிய அந்தக் குரலுக்கு, இயக்கங்களின் துப்பாக்கிகள் ஊருக்குள்ளேயே திரும்பியபோது இடம் இல்லாமல் போயிற்று. அன்னையர் முன்னணியின் மட்டக்களப்புக் கிளையிலிருந்து வந்த பூபதி அம்மா, இந்தியப் படைக்கு எதிராக 1988 மார்ச் 19இல் தொடங்கிய உண்ணாவிரதத்தில் ஏப்ரல் 19இல் இறந்தார். பிறகு அவர் இயக்கத்தின் தியாகியாக, ‘அன்னை பூபதி’யாக ஆனார். தெற்கே, ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் காணாமல்போனவர்களின் சிங்களத் தாய்மார் 1990இல் மாத்தறையில் திரண்டார்கள். கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளர்களைச் சபித்தார்கள். அந்த முன்னணியை ஒழுங்குசெய்தவர்களில் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும் இருந்தார்கள். அந்தக் கட்சி 1994இல் ஆட்சிக்கு வந்தது. கண்ணீர் உண்மை. அதை அறுவடை செய்தவர்கள் வேறு.

லைபீரியாவில் ஏன் அவ்வளவு எளிதில் அறுவடை செய்ய முடியவில்லை? அங்கே தாய்மார்கள் அதிகமாக அழுதார்கள் என்பதாலா? அந்த ஆறு மாதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளிவாசல் வாசலில் நின்றவளுக்கும் தேவாலயத்தில் நின்றவளுக்கும் ஒருவரையொருவர் தெரியும். சண்டை போட்டுத் தெரியும். எந்தத் தலைவரும் மேலிருந்து கூட்டிவந்த கூட்டம் அல்ல அது.

படத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கேதான். பெயரோடும் முகத்தோடும் பேசுபவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய சிலர். முகாம்களிலிருந்து வந்த பெண்கள் பெரும்பாலும் வெள்ளைக் கடலாகவே தெரிகிறார்கள். குபோவியின் நூல் இதைவிட நேர்மையானது. தன் குடிப்பழக்கம், அடித்த துணைவன், இயக்க வேலைக்காகத் தன் பிள்ளைகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டுப் போனது எல்லாவற்றையும் எழுதுகிறார். திடலில் உலகத்துக்குத் தாயாக உட்கார்ந்தவரின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர் ஜெனீவா. அந்தத் தமக்கைக்கு நோபல் பரிசில் இடம் இல்லை. ஒவ்வோர் இயக்கத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஜெனீவா இருக்கிறாள். நாம் அவளுக்கு வீட்டு வேலை என்று பெயர் வைத்து, போராட்ட வரலாற்றிலிருந்து வெளியே எடுத்துவைத்துவிடுகிறோம்.

அடுத்த வருடம் அதே படத்தைத் திரையிட்டபோது, பெண்கள் திடலுக்கு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். உங்கள் ஊரில் இரண்டு தெரு வெட்டிக்கொள்கிறது, நிறுத்த வேண்டும், எந்தக் கிழமை யார் வீட்டு வாசலுக்கு யார் போவது? முதலில் முழக்கம் எழுதத் தொடங்கினார்கள். அரைமணி நேரம் கழித்துத்தான் முழக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு ஊரின் வரைபடத்தைப் போட்டார்கள். ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, சுய உதவிக் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணை. குழாயடியை வரைந்தபோது, அந்தக் குழாயில் எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர் பிடிக்க முடியாது என்றாள் பின்வரிசையில் இருந்த ஒருத்தி. வகுப்பு அமைதியாகிவிட்டது. வரைந்துகொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.