மூன்றாம் தரத்துப் பிள்ளை: இறக்கக்கண்டியிலும் மரக்காணத்திலும்

இறக்கக்கண்டியில் தரம் 3க்குப் போகும் பிள்ளையின் புத்தகப் பையில் முதன்முறையாக ஓர் ஆங்கிலப் பாடநூல் ஏறும். முதல் இரண்டு ஆண்டும் ஆங்கிலம் பாட்டாகவும் விளையாட்டாகவும் வாயோடு நின்றது. இப்போது அதற்குக் கொப்பியும் வேண்டும், வீட்டுவேலையும் வரும். தாய்மொழிப் புத்தகத்திலோ படங்கள் சிறுத்து எழுத்து பெருகியிருக்கும். பெற்றோர் பலர் கவனிப்பது ஆங்கிலப் புத்தகத்தை. உண்மையான மாற்றம் தமிழ்ப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகும் வீதியில் நிலாவெளியைத் தாண்டினால், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இறக்கக்கண்டிப் பாலம் வரும். குச்சவெளிப் பிரதேசச் செயலகப் பிரிவைச் சேர்ந்த ஊர். தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கரை; கடற்றொழில் பிரதானம், அயலில் நிலாவெளி உப்பளமும் உல்லாசப் பயண விடுதிகளும். வங்கக் கடலின் மறுபக்கத்தில் இதோடு ஒப்பிட ஓர் ஊர் தேடினால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பொருந்தும். அங்கும் உப்பளம், அங்கும் மீனவர் குப்பங்கள், அங்கும் மழைக்காலத்தில் புயல். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வயதில், ஏழு முடிந்து எட்டு நடக்கும்போது, மூன்றாம் வகுப்பில் உட்காருகிறார்கள். படிப்பதும் ஒரே மொழி. ஆனால் அந்த ஓர் ஆண்டிலிருந்து பெற்றோர் எதிர்பார்ப்பது ஒன்றல்ல.

இலங்கையில் 1997இல் வகுக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் முதலில் கம்பகா மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் தரம் 1இல் தொடங்கியது. அது தொடக்கப் பிரிவின் ஐந்து ஆண்டுகளையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதல் நிலை. அங்கே விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4 இரண்டாம் நிலை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் சம இடம். தரம் 5 தனி நிலை. அங்கே எழுத்து வேலை மேலோங்கும். ஆகவே தரம் 2 வரை ஓடியாடி வந்த பிள்ளை தரம் 3இல் திடீரெனக் கதிரையில் கூடுதல் நேரம் இருக்கவேண்டி வருவது ஆசிரியரின் கண்டிப்பால் வந்ததல்ல, திட்டத்திலேயே உள்ளது. முதல் தவணையில் பிள்ளை களைத்து வருவது, “பள்ளிக்குப் போகேல்ல” என்று அடம்பிடிப்பது எல்லாம் இதனோடு சேர்ந்தவை. பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குள் தணிந்துவிடும்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் பிரிகோட்டை அதே இடத்தில்தான் போட்டது. அதன்படி இரண்டாம் வகுப்போடு அடித்தள நிலை முடிகிறது, மூன்றாம் வகுப்பில் அடுத்த நிலை தொடங்குகிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தன் சொந்தக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆனாலும் மூன்றாம் வகுப்பு அங்கேயும் ஒரு படிதான். இரண்டாம் வகுப்பு வரை ‘சூழ்நிலையியல்’ என்று ஒன்றாக இருந்த பாடம் மூன்றில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகிறது. கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. பாடநூல்கள் மூன்று பருவங்களாகப் பிரித்துத் தரப்படுவதால் பையின் கனம் குறைவு. இந்த முப்பருவ முறை 2012இல் வந்தது. இலங்கைப் பெற்றோர் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு.

சரி, ஆண்டு முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வாசிப்பு முதலாவது. எழுத்துக்கூட்டி வாசிப்பது தரம் 2இன் வேலை. தரம் 3இல் பிள்ளை தெரியாத பத்தியொன்றைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஏனெனில் இனிமேல் சுற்றாடலும் சமயமும் கணித வசனக் கணக்கும் வாசிப்பின் வழியாகத்தான் பிள்ளையிடம் போகும். இந்தக் கட்டத்தில் சறுக்கும் பிள்ளையை அடையாளம் காண ‘கொக்கு’, ‘தோணி’ போன்ற சொற்களே போதும். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்கும் கொ, தோ வரிசையில் பிள்ளை முதலில் ‘கெ’ என்று தொடங்கி, நிறுத்தி, பிறகு திருத்தும். தரம் 3இன் நடுப்பகுதியிலும் அந்தத் தயக்கம் தொடர்ந்தால், அது கவனக்குறைவல்ல; முதல் இரண்டு ஆண்டில் விட்டுப்போன பாடம்.

கணிதத்தில் இதற்கு நிகரான இடம் கழித்தல். 503இலிருந்து 287ஐக் கழிக்கச் சொன்னால் 384 என்று எழுதும் பிள்ளைகள் இரு கரையிலும் உண்டு. 3இலிருந்து 7 போகாது என்று கண்டதும் 7இலிருந்து 3ஐக் கழித்துவிடுகிறார்கள். நடுவில் சுழியத்திலிருந்து 8 போகாது, ஆகவே 8ஐ அப்படியே எழுதுகிறார்கள். ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்ததால் வந்த விடை அது. பிழையான விடைக்கும் ஒரு நேர்த்தியான தர்க்கம் இருக்கிறது, அதனால்தான் வெறும் சிவப்புப் பிழைக்குறியால் அது திருந்துவதில்லை. பத்துகளும் நூறுகளும் என்னவென்று குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டினால் பிள்ளை 216க்கு வந்துசேரும்.

இவை சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. கொரோனா மூடல்களுக்குப் பின், 2021 டிசம்பரில் இலங்கையின் தரம் 3 மாணவரிடையே நடந்த மதிப்பீட்டில் வாசிப்பு, எழுத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் 34 வீதம் மட்டுமே. எண்ணறிவில் 7 வீதம். பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, 2024இல் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 27.1 வீதம், 2022இல் அது 20.5 ஆக இருந்தது. இரண்டு கணக்கெடுப்பும் வேறுவேறு முறையில் நடந்தவை. ஒன்றோடொன்றை வைத்து எந்த நாடு மேல் என்று பார்ப்பதில் பயனில்லை. மூன்றாம் வகுப்புவரை வந்தும் வாசிக்காத பிள்ளை விதிவிலக்கு அல்ல என்பதை இரண்டும் சொல்கின்றன.

இந்த நிலைமைக்கு இரு கரையும் கொடுத்த பதில்தான் வித்தியாசமானது.

தமிழ்நாடு நேரே மூன்றாம் வகுப்பைக் குறிவைத்தது. 2022 ஜூன் 13இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடக்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் இலக்கு, 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓராசிரியரும் ஈராசிரியரும் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருத்தமான முறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டால், மலர் புத்தகத்தை மடியில் வைத்து விழிக்க வேண்டியதில்லை, அரும்பிலிருந்து தொடங்கலாம். இந்த யோசனைக்கு அங்கே முன்கதையும் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் ஏணிப்படியாக அட்டைகளைத் தாண்டிப் போனார்கள். பிள்ளைகள் எட்டி எழுதும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். ஆந்திரத்து ரிஷிவேலியிலிருந்து எடுத்த முறை அது.

மரக்காணத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டம் 2021 அக்டோபர் 27இல் அந்த வட்டாரத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மாலையில் ஊரிலேயே ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் படித்த இளம்பெண், பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி ஒன்றரை மணி நேரம் வாசிக்கவும் விளையாடவும் வைப்பார். அரசு அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. பின்னாளில் திட்டம் சுருங்கியது. ஆனாலும் ஏழைப் பிள்ளையின் மாலை நேரத்துக்கு அரசு செலவழித்தது என்பது சாதாரண விஷயமல்ல.

இறக்கக்கண்டியில் அந்த மாலை நேரம் ரியூசனுக்குப் போகிறது. செலவு பெற்றோருடையது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1940களில், கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுக்க வந்த ஏற்பாடு அது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. தாண்டினால் பெயர்பெற்ற பாடசாலையில் தரம் 6க்கு இடம், வருமானம் குறைந்த குடும்பமென்றால் மாதாந்தக் கொடுப்பனவும். திருகோணமலை நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு வேறு வழியில்லாத கடற்றொழிலாளி வீட்டில் இந்தப் பரீட்சைக்குக் கனம் அதிகம். அதைக் கேலிபேசுவது வசதியுள்ளவர் வேலை. 2024 செப்டெம்பர் 15இல் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர்நீதிமன்றம்வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுக்க முடிவானது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளுக்காக ஒரு நாடு நீதிமன்றம் ஏறியது என்றால் அதன் பாரம் எவ்வளவு என்று விளங்கும்.

அந்தப் பாரத்தின் நிழல் தரம் 3இலேயே விழத் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் பரீட்சைக்காக இப்போதே பலவுள் தெரிவு வினாக்களில் குறி போடப் பழக்குகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில், “ரீச்சர், மகன் எத்தனையாம் பிள்ளை?” என்பதே முதற்கேள்வி. “மகன் நல்லாப் புள்ளடி போடுறார், ஆனா நாலு வரி சொந்தமா எழுதச் சொன்னா பேனையைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறார்” என்று ஆசிரியை சொல்லத் தொடங்கும்போது அடுத்த தாய் முந்திக்கொள்வார். திட்டத்தில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கொடுத்த சம இடம் இப்படித்தான் காணாமற்போகிறது.

மரக்காணத்தில் அப்படியொரு பரீட்சை இல்லை. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே 2020 பெப்ரவரியில் கைவிட்டது. எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. பிள்ளைக்கு நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் பெற்றோரை எழுப்பிவிட எந்த மணியும் அங்கே அடிப்பதில்லை. “மிஸ், பையன் ஒழுங்கா இருக்கானா?” என்று கேட்டு, “சேட்டை பண்றான், மத்தபடி பரவாயில்ல” என்ற பதிலோடு வீடு திரும்புவார்கள். பிள்ளை மலரில் இருக்கிறதா அரும்பில் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர் குறைவு. இலங்கைப் பெற்றோர் தேவைக்கு மிஞ்சிப் பதறுகிறார்கள், தமிழ்நாட்டுப் பெற்றோர் தேவைக்குக் குறைவாகவே விசாரிக்கிறார்கள். வாசிக்காத பிள்ளை இரண்டு இடத்திலும் பின்வரிசையில் சத்தமின்றி இருந்துவிடுகிறது.

சாப்பாட்டில் தமிழ்நாட்டுக்கே முதலிடம். மதிய உணவோடு 2022 செப்டெம்பரில் காலை உணவும் சேர்ந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு. இலங்கையிலும் தொடக்கப் பிரிவுக்கு உணவுத் திட்டம் உண்டு, ஒரு வேளை.

நாட்காட்டியை எத்தனை பேர் கவனிக்கிறார்களோ தெரியாது. கிழக்கில் வாடைக்காற்று மழை ஆண்டின் இறுதியில் வருகிறது. இலங்கையின் மூன்றாம் தவணையும் அப்போதுதான். தமிழ்நாட்டில் அதே மழை கல்வியாண்டின் நடுவில் விழுவதால் விட்ட பாடத்தைப் பிடிக்க ஜனவரி, பெப்ரவரி மிச்சமிருக்கின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் முதலில் இலங்கையின் கிழக்கை வெள்ளத்தில் மூழ்கடித்து, பிறகு புதுச்சேரிக்கு அருகே கரையேறி மரக்காணத்தை உலுக்கியது. ஒரே புயல் இரண்டு கரையையும் தாக்கியது. ஆனால் ஆண்டிறுதி மழையில் வகுப்பு நின்றால், இறக்கக்கண்டிப் பிள்ளையின் புத்தகத்தில் மிச்சமிருக்கும் பக்கங்கள் அடுத்த வகுப்போடு கலந்துபோகும். போதாதற்கு, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையையொட்டித் தவணைத் திகதிகள் வேறு. அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒரே தரத்தில் இருந்தாலும் ஒரே கிழமையில் ஒரே பாடத்தில் இருக்கமாட்டார்கள். ‘அந்தப் பிள்ளை படிச்சிட்டுது, நீ இன்னும் படிக்கல்லியா’ என்று வேலிக்கு மேலால் ஒப்பிடும் தாய்மார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்திய மத்திய அரசின் இலக்கொன்று, மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல் விளங்கி வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களை எழுதப் படிக்க வேண்டும் என்கிறது. ஒரே சொல்லில் ஒரு வசனத்தையே அடக்கும் தமிழுக்கு அறுபது என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. 2022இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியே இருத்திச் சோதித்த இந்தியத் தேசிய ஆய்வும் ஒவ்வொரு மொழிக்கும் வேறு அளவுகோல்தான் வைத்தது. ஆனால் சோதிக்கும் முறை நல்லது: பிள்ளையை அருகில் இருத்தி, வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, கேள்வி கேட்பது. அதற்கு எந்த அரசும் தேவையில்லை.

ஆகவே இறக்கக்கண்டியில் தரம் 3இல் பிள்ளை வைத்திருக்கும் உம்மாமாரும் அம்மாமாரும் அடுத்த மாத ரியூசன் காசைக் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். தமிழ்ப் பாடநூலில் இன்னும் படிப்பிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைக் கதையாகச் சொல்லக் கேளுங்கள். சொன்னால் ரியூசனை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம். சொல்லாவிட்டால் வகுப்பாசிரியையிடம் கேட்க வேண்டியது பிள்ளை எத்தனையாவது என்பதல்ல, எந்த எழுத்தில் நிற்கிறது என்பது.