சிங்கம் யாருடையது?

நிலம் பறிபோய், சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஊர்விட்டு வந்த சூலு தொழிலாளர், இசைக்கருவி ஏதுமின்றிக் குரலாலேயே ஒரு கலையைக் கட்டினர். விடுதிகளில் மெல்லடி வைத்து ஆடிப் பாடியதால் அதன் பிற்காலப் பாணி 'இசிகதமியா' எனப்பட்டது.

1939-இல் ஜோகனஸ்பர்க்கில் சாலமன் லிண்டா பதிவு செய்த 'ம்பூபே'யைக் (சிங்கம் என்று பொருள்) கேட்டோர் அறிவர்: தடித்த குரல்கள் அடித்தளமிட, அவர் குரல் வானேறும்! இறுதியில் நினைத்தவாக்கில் அவர் எழுப்பிய மெட்டே, 1961-இல் ஆங்கிலச் சொற்கள் பூண்டு அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது.

அங்குள்ளோர் அதனை 'நாட்டுப்பாடல்' என்றனராம்! ஆக்கியோன் பெயரை அழிக்க இதனினும் எளிய வழி உண்டோ? அற்பத் தொகைக்கு உரிமையை இழந்த லிண்டா 1962-இல் வறுமையில் மாண்டார். அவர் புதல்வியர் வழக்காடி, உடன்பாட்டின் வழியே பங்கு பெற்றது 2006-இல்!