யாருக்கு வந்தது வாக்கு?

அமெரிக்க மாதர் 1920-இல் வாக்குரிமை வென்றதை வியப்போர் பலர். மறு ஆண்டே, நீதிக்கட்சி ஆட்சியில், பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னைச் சட்டமன்றம் பெண்ணென்னும் தடையை நீக்கியதை அறிந்தோர் சிலர்.

அதைப் பாராட்டுவோரும் பாதியே பகர்கின்றனர். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு என்பதன்றோ அன்றைய விதி? எண்ணூர்க் கரையில் மீன்கூடை சுமந்த தாய்க்கு ஏது சொத்து? 1952 பொதுத்தேர்தல் வரை அவள் காத்திருந்தாள். அமெரிக்கத் தென்மாநிலங்களிலோ எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் கறுப்பினப் பெண்களை மறித்தன. 1965-இல்தான் வாக்குரிமைச் சட்டம் அவர்களுக்கு வழி திறந்தது.

பால்பேதம் ஒழிந்தும், பணபேதமும் நிறபேதமும் வாயிற்காவல் புரிந்தன! வரலாறு வரைவோரே, உரிமை வந்த ஆண்டை மட்டுமன்று, எவருக்கு வந்ததென்பதையும் எழுதுங்கள்!