பழைய பூங்காவில் அண்ணாந்து பாருங்கள்

யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கோட்டை, நூலகம், நல்லூர் என்று ஓடி, ஒரு ஐஸ்கிறீமோடு சுற்றுலாவை முடித்துக்கொள்கிறார்கள். கண்டி வீதியில், சுண்டுக்குளியில் இருக்கும் பழைய பூங்காவுக்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குவோர் குறைவு. ஒதுக்குவோரிலும் பலர் அங்கே இடிந்து கிடக்கும் கச்சேரியின், அதாவது பழைய அரச நிர்வாக அலுவலகத்தின், முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பூங்கா என்ற பெயரை நம்பிப் பூப்பாத்தி தேட வேண்டாம். பார்க்க வேண்டியவை மரங்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறே இல்லாத மண் இது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் தேங்கி நிற்கிறது. கிணறுகளுக்கு வருவது அதுதான். இப்படிப்பட்ட ஊரில் இத்தனை நிழல் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் ஒவ்வொரு அடிமரமும் வேறு மாதிரித் தெரியும்.

இந்தப் பூங்காவை உருவாக்கியவர் பேர்சிவல் ஆக்லண்ட் டைக். 1829இல் இங்கே பொறுப்பேற்று, சிறு இடைவெளி தவிர, 1867இல் இறக்கும்வரை யாழ்ப்பாணத்தை நிர்வகித்த வெள்ளைக்கார அதிகாரி. 'வடக்கின் ராஜா' என்று பெயர் எடுத்தவர். தன் வாசஸ்தலத்தைச் சுற்றித்தான் இந்தச் சோலையை வளர்த்தார். அன்று இது அதிகாரத்தின் முற்றம். ஊர்ச் சனம் காற்று வாங்க வந்த இடமல்ல. இன்றும் வட மாகாண ஆளுநர் செயலகம் இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே கண்ட பக்கம் கமராவை நீட்டாதீர்கள்.

கச்சேரிச் சிதைவைத் தூரத்தில் நின்று பார்த்தால் சோகம் மட்டும்தான் தெரியும். கிட்டப் போங்கள். சாந்து உதிர்ந்த இடங்களில் கல் வெளியே தெரியும். சுவரின் தடிப்பைக் கையால் அளந்து பாருங்கள். வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாத தடிப்பு அது. கூரை போரில் போய்விட்டது. அரசாங்க அதிபர்கள் வரி, காணி, வழக்கு என்று கோப்புப் பார்த்த இடத்தில் வெடிப்புகளுக்குள் செடிகள் வேர்விட்டிருக்கின்றன. சுவரைப் பிளக்கும் அதே வேர் சில இடங்களில் கல்லைப் பிடித்தும் வைத்திருக்கும். அதைப் பிடுங்கிச் சுத்தமாக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை.

மாரி முடிந்து தை பிறந்ததும் போவது நல்லது. மரங்கள் கழுவிவிட்ட மாதிரி நிற்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் போனால் புழுதி இருக்கும், ஆனால் மேலே இலைகள் போடும் இரைச்சலுக்காகவே போகலாம்.