வாளும் டிக்கெட்டும்: எழுபதுகளின் ஜப்பானியச் சுரண்டல் சினிமாவில் பெண்

காமத்தையும் வன்முறையையும் காட்டிக் காசு பார்த்த எழுபதுகளின் ஜப்பானியச் சுரண்டல் சினிமாவை அது வெளிவந்த காலத்தில் விமர்சகர்களில் பெரும்பாலோர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. க்வென்டின் டரன்டினோ 'கில் பில்' படத்தில் அக்கால நடிகை மெய்கோ காஜியின் இரண்டு பாடல்களை எடுத்தாண்ட பிறகு அந்தப் படங்கள் டிவிடிகளில் மறுபிறவி எடுத்தன. கூடவே ஒரு கோட்பாடும் பிறந்தது: பெண் கையில் வாள் இருக்கிறது, ஆண்களைப் பழிவாங்குகிறாள், ஆகவே இவை பெண்ணியப் படங்கள். இப்படங்களை யார், யாருக்காக, என்ன கணக்கில் எடுத்தார்கள் என்று கேட்டால் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது.

கணக்கு எளிமையானது. 1958-ல் ஜப்பானியத் திரையரங்குகளில் 112 கோடிக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன. 1972-ல் அது 20 கோடிக்கும் கீழே போயிற்று. தொலைக்காட்சி குடும்பங்களை வீட்டோடு நிறுத்திக்கொள்ள, அரங்குக்குத் தவறாமல் வந்தவர்கள் இளம் ஆண்கள்தாம். 1962-ல் 'சதைச் சந்தை' தொடங்கிவைத்த 'பிங்க்' எனும் மலிவான காமப்படங்கள் சிறு நிறுவனங்களின் கையில் இருந்தன. அந்த வருமானத்தைப் பார்த்துப் பெரிய ஸ்டுடியோக்களும் இறங்கின. தோயெய் நிறுவனத்துக்காக டெருவோ இஷீ 1968 முதல் எடுத்த டோகுகாவா காலச் சித்திரவதைப் படங்கள் பெண் உடலை அறுவையறை மேசையில் கிடத்தியதுபோல் நடத்தின. அந்நிறுவனத்தின் கியோட்டோ உதவி இயக்குநர்களே அவற்றைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள்.

அதே தோயெய்தான் அதே 1968-ல் 'செம்பியோனிச் சூதாடி' வரிசையையும் தொடங்கியது. எட்டுப் படங்களில் ஜுன்கோ ஃபுஜி நடித்த ஓர்யூ, கிமோனோ கலையாமல் சண்டையிடுபவள். தோளில் குத்திய பச்சைக்கு மேல் அவள் உடலில் எதையும் காமிரா கேட்கவில்லை. 1972-ல் ஃபுஜி திருமணம் செய்துகொண்டு திரையை விட்டு விலகினார். அதற்குள்ளாகவே தயாரிப்பாளர் கான்ஜி அமாவோவும் இயக்குநர் நோரிஃபுமி சுஸுகியும் வேறு வகைக் கதாநாயகியைத் தயார் செய்துவிட்டார்கள். 'சுகேபான்' எனும் ரவுடிப் பெண் கும்பல் தலைவி, 'பயங்கரப் பெண்கள் பள்ளி' மாணவி என்று ரெய்கோ இகேவும் மிகி சுகிமோடோவும் வரிசையாக வந்தார்கள்.

இந்த மாற்றம் என்னவென்பதை 1973-ல் சுஸுகி இயக்கிய 'காமமும் சீற்றமும்' படத்தின் புகழ்பெற்ற சண்டை சொல்லிவிடும். மெய்ஜி காலச் சூதாடி ஓச்சோ குளித்துக்கொண்டிருக்கும்போது கூலிப்படை பாய்கிறது. அவள் துணியில்லாமலே வாளெடுத்து, பனி கொட்டும் முற்றம் வரை வந்து ஒவ்வொருவனாகச் சாய்க்கிறாள். வண்ணம், வேகம், காமிராவின் நடனம் எல்லாம் முதல் தரம். சுஸுகி கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓச்சோ ஜெயிப்பது கதைக்குத் தேவை, அவள் உடுத்தாமல் ஜெயிப்பது டிக்கெட்டுக்குத் தேவை. இதை வீரமென்று மட்டும் வாசிக்கிறவர் படத்தின் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவர். நேர்மாறான சான்றும் அதே நிறுவனத்திலேயே இருக்கிறது. 1974 முதல் எட்சுகோ ஷிஹோமி நடித்த 'சகோதரி தெருச்சண்டைக்காரி' படங்களில் நாயகி ஆடை களையாமலே ஆண்களை அடித்து வீழ்த்துகிறாள்.

உண்மையான மாற்றம் ஒரு நடிகையின் மறுப்பில் தொடங்கியது. நிக்கட்சு ஸ்டுடியோ 1971-ல் 'ரோமன் போர்னோ' எனும் காமப்பட வரிசைக்கு மாறியபோது காஜி அங்கிருந்து வெளியேறித் தோயெய்க்கு வந்தார். டோரு ஷினோஹாராவின் சித்திரக்கதையிலிருந்து உருவான 'பெண் கைதி 701: தேள்' (1972) அவருக்குக் கிடைத்தது. மூலத்தில் வசைமொழி பொழியும் நாமி மட்சுஷிமாவை வாய்பேசாதவளாக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். புது இயக்குநர் ஷுன்யா இடோ ஒப்புக்கொண்டார். அதனால் வசனம் போன இடத்தில் காஜியின் கண்கள் வந்தன. பார்வையாளன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அவனைப் பார்க்கிறாள்.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த இரண்டாம் படமான 'சிறைக்கூடம் 41'-இல் இடோ இன்னும் தூரம் போனார். தொடக்கத்தில் நாமி பாதாளச் சிறையில் கை கால் கட்டுண்டு கிடக்கிறாள். பற்களுக்கிடையே கவ்விய ஒரு கரண்டியைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்குகிறாள். அந்த உரசலைத் தவிர வேறு எதுவும் காதில் விழுவதில்லை. பிறகு தப்பியோடும் பெண்களின் குற்றங்களை ஒரு கிழவி பழைய மேடைக்கூத்துப் பாணியில் பாட்டாகச் சொல்கிறாள். ஒவ்வொன்றின் வேரிலும் ஓர் ஆண் நிற்கிறான். பேருந்தில் வரும் சுற்றுலாப் பயணிகள், சீனப் போரில் பெண்களைச் சூறையாடியதை நினைவுகூர்ந்து சிரிப்பவர்கள், தப்பியவர்களில் ஒருத்தியைச் சிதைத்துக் கொல்கிறார்கள். பெண் மீதான வன்முறையை ஏதோ ஒரு வக்கிரக்காரனின் தலையில் கட்டாமல் நாட்டின் கணக்கிலேயே எழுதியவர் அந்தக் காலத்து ஸ்டுடியோ இயக்குநர்களில் இடோதான்.

அதற்காக இவற்றைக் கறையற்றவை என்று சொல்லிவிட முடியாது. குளியலறைக் காட்சிகளும் சித்திரவதைகளும் தயாரிப்பாளரின் பட்டியல்படி தவறாமல் வருகின்றன. இடோ மூன்று படங்களோடு விலகினார், நான்காவதை யாசுஹாரு ஹசேபே எடுத்தார், காஜியும் விலகினார். 1976-ல் வேறு நடிகையை வைத்துத் 'தேள்' மறுபடி வந்தபோது மிஞ்சியது நாமியின் தொப்பியும் கருப்பு மேலங்கியும்தான். சாதனை அந்த வகைமையுடையதாக இருந்திருந்தால் நடிகை மாறியதும் படம் காலியாகியிருக்காது.

நிக்கட்சுவின் கதை வேறு. எழுபது நிமிட நீளம், சுமார் பத்து நிமிடத்துக்கொரு படுக்கைக் காட்சி. இந்த விதிக்குள் இயக்குநர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இந்தச் சுதந்திரத்தை நன்கு பயன்படுத்தியவர் தட்சுமி குமாஷிரோ. அவருடைய பெண்கள் ஆண்களைவிட அதிகம் பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆடைகளைவு நடனக்காரி சாயுரி இச்சிஜோ தன் வேடத்திலேயே நடித்த, குமாஷிரோவின் 1972-ஆம் ஆண்டுப் படம் 'கினெமா ஜுன்போ' இதழின் சிறந்த பத்துக்குள் வந்தது. உடன் நடித்த ஹிரோகோ இசயாமா சிறந்த நடிகையானார். அதே ஆண்டு தன் பிரியாவிடை நடனத்துக்காகக் கைதான இச்சிஜோவுக்குக் கிடைத்ததோ சிறைத்தண்டனை. இயக்குநருக்குக் கலையாக இருந்தது நடனக்காரிக்கு ஆபாசமாகிவிட்டது. அதே நிக்கட்சு 1976, 77-இல் ஹசேபேயை வைத்து வல்லுறவையே விற்பனைப் பொருளாக்கிய படங்களை எடுத்தது. அவற்றுக்கு வக்காலத்து வாங்கும் இன்றைய ரசிகர்கள் காமிராக் கோணங்களைப் பற்றி மட்டும் பேசுவது தற்செயல் அல்ல.

டோக்கியோ தெருக்களில் 1970-லேயே பெண் விடுதலை இயக்கம் ஊர்வலம் போனது. அவ்வியக்கத்தின் மிட்சு டனாகா எழுதிய துண்டறிக்கை கைக்குக் கை மாறியது. ஸ்டுடியோக்கள் இந்தக் கோபத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டன. பெண்களை இயக்குநர் நாற்காலியில் உட்காரவைப்பது பற்றி அவை யோசிக்கவே இல்லை. உதவி இயக்குநர் வேலையே ஆண் பட்டதாரிகளுக்குத்தான். அந்தக் கதவு அடைபட்டதால் பிங்க் படத்துறைக்குள் நுழைந்து எழுபதுகளின் தொடக்கத்திலேயே இயக்குநரானவர் சாச்சி ஹமானோ. ஆண்கள் முதலீடு செய்து ஆண்கள் பார்த்த அதே சந்தையில், பெண்ணின் இச்சையைப் பெண்ணின் பக்கமிருந்து சொல்லும் படங்களை அவர் எடுத்துத் தள்ளினார். எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. இந்த வகைமையில் பெண் குரலைத் தேடுபவர் வாளேந்திய சுவரொட்டிகளை விட்டுவிட்டு முதலில் போகவேண்டிய இடம் இதுதான். ஆனால் தொண்ணூறுகளில்கூட, அதிக முழுநீளப் படங்கள் இயக்கிய ஜப்பானியப் பெண் கினுயோ டனாகா, ஆறு படங்கள் என்றே திரைவிழா வட்டாரத்தில் சொன்னார்கள். ஹமானோவின் படங்கள் எதுவும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த ஆத்திரத்தில் சொந்தமாக நிதி திரட்டி, மறக்கப்பட்ட எழுத்தாளர் மிடோரி ஓசாகியைப் பற்றி 1998-ல் ஒரு பொதுப் படம் எடுத்த பிறகே திரைவிழாக்கள் அவரை அழைத்தன.